குறி தவறாத நங்கை அன்னி ஓக்லி

வில்லாண்மையைப் போற்றுவது நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரி எய்த ஓரம்பு, யானையை வீழ்த்திப் புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, ஈற்றில் உடும்பின் உடலில் தைத்து நின்ற செய்தியைப் புறநானூறு கூறுகின்றது. நீரிலே தோன்றிய நிழலை நோக்கியவாறு, மேலே சுழன்ற மீனை எய்து பாஞ்சாலியைப் பெற்ற விசயன் கதையை நம் கிராமத்துச் சிறுவரும் அறிவர். இவை யாவும் ஆடவரின் திறம் பற்றியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஐக்கிய அமெரிக்காவிலே, ஐந்தடி உயரமே கொண்ட ஒரு பெண், கண்ணாடியில் தெரிந்த நிழலை மாத்திரம் நோக்கித் தோளின் மேலாகத் துப்பாக்கியைப் பின்புறம் திருப்பிச் சுட்டு, இலக்கைச் சிதறடித்து வந்தாள். பார்த்தவர் கோடிக்கணக்கான கதைகளைக் கட்டினர். கட்டிய கதைகளிடையே மெய்யான வாழ்க்கை மறைந்துபோயிற்று. அந்த வாழ்க்கையோ கதைகளினும் சிறந்தது.

அவள்தான் அன்னி ஓக்லி. குறி பார்த்துச் சுடும் கலையை வேட்டைக்காரனின் தொழிலாகவும் போர்வீரனின் கடமையாகவும் மட்டுமே உலகம் எண்ணியிருந்த காலத்தில், அதனை எவரும் பயிலத்தக்க ஒரு விளையாட்டாகவும், பெண்களுக்கு உரிய ஒரு பயிற்சியாகவும் ஆக்கிக் காட்டியவர் அவர்.

வறுமை தந்த கல்வி

ஒஹையோ மாநிலத்தின் டார்க் மாவட்டத்திலே, 1860ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பீபி ஆன். குடும்பத்தினர் குவேக்கர் என்னும் சமயப் பிரிவைச் சார்ந்தவர். போரையும் வன்முறையையும் வெறுப்பது அப்பிரிவினரின் கொள்கை. அத்தகைய வீட்டிலிருந்தே துப்பாக்கியால் உலகப் புகழ் பெற்ற ஒருவர் தோன்றினார் என்பது வியப்புக்குரியது.

தந்தையார் ஜேக்கப் ஒரு குளிர்காலத்தில் கடும் பனிப்புயலில் அகப்பட்டு, நோயுற்று, 1866ஆம் ஆண்டிலே காலமானார். பல குழந்தைகளுடன் கைம்பெண்ணாகிய தாயார் சூசன் செய்வதறியாது தவித்தார். வீட்டுச் சுவரில் தொங்கிய தந்தையின் பழைய துப்பாக்கியைச் சிறுமி எடுத்தாள். எட்டு வயதளவில், வேலியின் மேல் ஓடிய ஓர் அணிலைச் சுட்டு வீழ்த்தியதே அவளது முதல் வேட்டை. அது விளையாட்டன்று, அன்றைய உணவு.

வறுமை மேலும் இறுகவே, ஒன்பது வயதளவில் அவள் மாவட்டத்து ஏழைகள் இல்லத்திற்கு அனுப்பப்பட்டாள். அங்கே தையலும் பூவேலையும் கற்றாள். பின்னாளில் தான் அணிந்த மேடையுடைகளைத் தானே தைத்துக்கொள்ளும் திறம் அங்குக் கிடைத்ததுதான். அங்கிருந்து ஒரு குடியானவன் வீட்டுக்கு ஊழியத்துக்காக அழைத்துச் செல்லப்பட்டாள். கூலியும் கல்வியும் தருவதாகச் சொல்லி அழைத்தவர்கள் அடியும் பட்டினியுமே தந்தனர். தைக்கும்போது கண்ணயர்ந்த குற்றத்துக்காக, வெறுங்காலுடன் பனியிலே நிறுத்தப்பட்ட இரவும் உண்டு. அக்குடும்பத்தின் பெயரை அவர் தம் ஆயுள் முழுவதும் எவரிடமும் வெளியிட்டாரில்லை. ஓநாய்கள் என்று மாத்திரமே குறிப்பிட்டார். தமக்குக் கொடுமை செய்தவர்களின் பெயரைக்கூட ஊர் தூற்ற விடாத இந்த இயல்பைப் பின்னர் வரும் ஒரு நிகழ்ச்சியோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.

அவ்வீட்டிலிருந்து தப்பி ஓடி, தாயிடம் மீண்டவள் மறுபடியும் துப்பாக்கியை ஏந்தினாள். காடையும் முயலும் காட்டுக்கோழியும் சுட்டுக் கிறீன்வில் நகரத்து வணிகரிடம் விற்றாள். அவை அங்கிருந்து சின்சினாட்டி நகரத்து உணவு விடுதிகளுக்குச் சென்றன. அவள் சுட்ட பறவைகளின் தலையிலே மட்டும் குண்டு பட்டிருக்கும். இறைச்சியிலே ஈயம் இராது. ஆகவே விடுதிக்காரர் அவற்றை விரும்பி வாங்கினர் என்பர். இவ்வாறு ஈட்டிய பொருளைச் சேர்த்து, பதினைந்து வயதளவில் தாயின் வீட்டின் மீதிருந்த 200 டொலர் அடைமானத்தை மீட்டுக்கொடுத்தாள். அவர் பெற்ற பதக்கங்கள் எத்தனையோ உண்டு. இதற்கு இணையான பதக்கம் ஒன்றில்லை.

தோல்வியால் வென்றவன்

அக்காலத்தில் பிராங் பட்லர் என்பவர் ஊர்தோறும் சென்று துப்பாக்கி வித்தை காட்டி வந்தார். அயர்லாந்தில் பிறந்து, வறுமையோடு அமெரிக்கா சேர்ந்தவர். எந்த ஊரிலும் தம்மை எதிர்க்கும் குறிகாரருடன் பந்தயம் கட்டிப் போட்டியிடுவது அவர் வழக்கம். சின்சினாட்டியில் ஒருவர் தம் பக்கத்துக் குறிகாரராக நிறுத்தியது, குட்டைப் பாவாடை அணிந்த ஒரு கிராமத்துப் பெண்ணை. பட்லர் உள்ளூர நகைத்திருப்பார். இருவரும் மாறிமாறிச் சுட்டனர். 25ஆவது இலக்கில் பட்லர் தவறினார், அப்பெண் தவறவில்லை.

இப்போட்டி நிகழ்ந்தது 1875இல் என்பார் சிலர். 1881இல் என்பார் சிலர். திருமணத்துக்கும் 1876 என்றும் 1882 என்றும் இரு கணக்குகள் உண்டு. இக்குழப்பத்துக்கு அன்னியாரும் ஒரு காரணர். பிற்காலத்தில், தம்மினும் இளையவளான லிலியன் சிமித் என்னும் குறிகாரி அதே காட்சியிலே சேர்ந்தபோது, அவர் தம் வயதில் ஆறு ஆண்டுகளைக் குறைத்துச் சொல்லத் தொடங்கினார். பெரியோர் வாழ்விலும் இத்தகைய சிறு பலவீனங்கள் இருத்தல் இயல்பே. அவற்றை மறைத்தெழுதுவது அவர்களுக்குச் செய்யும் நன்றியன்று.

தோற்ற பட்லர் வென்றவளைக் காதலித்து மணந்தார். 1882ஆம் ஆண்டிலே மேடைத் துணைவர் நோயுற்றமையால் மனைவி அவர் இடத்திலே நிற்க நேர்ந்தது. கூட்டம் யாரைப் பார்க்க விரும்புகிறது என்பதைப் பட்லர் விரைவில் உணர்ந்தார். அதன்பின் அவர் செய்ததே அரிய செயல். தாம் பின்னே ஒதுங்கி, மனைவிக்கு இலக்கு ஏந்துபவராகவும், தோட்டா நிரப்புபவராகவும், ஒப்பந்தம் பேசுபவராகவும், விளம்பரம் எழுதுபவராகவும் வாழ்நாள் முழுவதும் உழைத்தார். கணவனின் நிழலிலே மனைவி நிற்பதே முறை என்றிருந்த காலத்தில், மனைவியின் நிழலிலே மனநிறைவோடு நின்ற ஆடவர் அவர். மேடைக்கென அன்னி மேற்கொண்ட ஓக்லி என்னும் பெயர், சின்சினாட்டியின் ஒரு பகுதியின் பெயர் என்பர்.

வீரத் தலைவரின் வளர்ப்பு மகள்

1884ஆம் ஆண்டு, மினசோட்டா மாநிலத்துச் சென்ற் போல் நகரிலே அவரது வித்தையைக் கண்டவர்களுள் லகோட்டா இனத்து முதுபெருந் தலைவர் சிற்றிங் புல் ஒருவர். வெள்ளையரின் படைகளை எதிர்த்து நின்று, பின்னர் சிறைப்பட்டவர். அவர் அன்னியைத் தம் வளர்ப்பு மகளாக ஏற்று, குறி தவறாத சிறியவள் என்னும் கருத்துடைய பெயரைச் சூட்டினார். அடுத்த ஆண்டில், பஃபலோ பில் எனப் பெயர் பெற்ற வில்லியம் கோடியின் மாபெருங் காட்சிக் குழுவிலே இருவரும் ஒருங்கு சேர்ந்தனர். தம் சம்பளத்தின் பெரும்பகுதியைச் சிற்றிங் புல் தெருவிலே கந்தல் உடுத்து நின்ற ஏழைச் சிறுவருக்கு வழங்கிவிடுவதை அன்னியார் கண்டார். இத்தனை செல்வம் படைத்த நாட்டிலே தம் குழந்தைகளைப் பசியோடு விடும் வெள்ளையரை அம்முதியவரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஏழைகள் இல்லத்திலே வளர்ந்த அன்னிக்கு அது நன்கு விளங்கியிருக்கும். 1890ஆம் ஆண்டு டிசம்பரில், கைது செய்யவந்த காவலரால் அத்தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பஃபலோ பில்லின் குழுவிலே அன்னியார் சேர்ந்தது 1885ஆம் ஆண்டு, லூயிவில் நகரில். அவர் பயிற்சி செய்வதைத் தற்செயலாகக் கண்ட மேலாளர் நேற் சோல்சுபரி அந்த இடத்திலேயே அவரை அமர்த்தினார். நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே அவரது காட்சி வைக்கப்பட்டது. வெடியோசைக்கு அஞ்சும் பெண்களும் குழந்தைகளும், தம்மைப் போன்ற ஒரு பெண்ணே துப்பாக்கியைக் கையாளக் கண்டு அச்சம் நீங்கினர். பின்வரும் பேரோசைகளுக்கும் பழகினர். துள்ளி ஓடிவந்து, முத்தங்களை வீசி, மேசைமேலிருந்த துப்பாக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, வானில் எறியப்பட்ட கண்ணாடி உருண்டைகளை அவர் நொறுக்கினார். சீட்டாட்ட அட்டையை அதன் விளிம்புப் பக்கமாகப் பிடிக்கச் செய்து இரண்டாகப் பிளந்தார். அட்டை கீழே விழுமுன் அதிலே பல துளைகள் இட்டார். நாடக அரங்குகளிலே இலவசமாக வழங்கும் அனுமதிச் சீட்டுகளில் துளையிட்டு அடையாளம் செய்வது வழக்கம். அத்தகைய சீட்டுக்கு அமெரிக்க மக்கள் அன்னி ஓக்லி என்றே பெயர் வைத்துவிட்டனர்.

திறத்தின் பின்னணி

இத்திறம் பிறவியிலே வந்ததென்று கூறி வியப்பவர் பலர். பிறவித்திறம் ஒரு பங்காயின், பயிற்சியும் ஒழுங்கும் ஒன்பது பங்கு. 1884ஆம் ஆண்டிலே 1,000 கண்ணாடி உருண்டைகளில் 943ஐ நுண்துப்பாக்கியால் உடைத்தார். 1885ஆம் ஆண்டிலே ஒரே நாளில், ஒன்பது மணி நேரத்துக்குள், 5,000 உருண்டைகளில் 4,772ஐ உடைத்தார். அன்று துப்பாக்கிகளுக்கு மருந்தேற்றியவரும் அவரே. சில இறாத்தல் எடையுள்ள கருவியை ஐயாயிரம் முறை தூக்கி, ஒவ்வொரு முறையும் அதன் உதைப்பைத் தோளிலே தாங்கிய உடலுரத்தை எண்ணிப் பார்த்தால், விளையாட்டென்னும் சொல் இதற்குப் போதாது.

இளமையில் அவர் பயன்படுத்தியது வாய்வழி மருந்திடும் பழைய துப்பாக்கி. கருமருந்தை அளந்து குழாயினுள் கொட்டி, தக்கையைக் கெட்டித்து, ஈயத்தை இட்டு, மீண்டும் தக்கை வைத்தல் வேண்டும். அளவு கூடினால் ஆபத்து; குறைந்தால் வேட்டை தப்பும். உணவுக்காகச் சுடும் ஏழைச் சிறுமிக்கு ஒவ்வொரு சிட்டிகை மருந்தும் காசு. இந்தச் சிக்கனமே பின்னாளில் நுட்பமாக மலர்ந்தது. தோட்டாக்கள் வந்த பின்னரும், தம் கையாலோ கணவர் கையாலோ நிரப்பப்பட்ட தோட்டாக்களையே அவர் பெரிதும் நம்பினார். அதன் காரணம் எளிது. நூறு தோட்டாக்களிலும் மருந்தும் ஈயமும் ஒரே அளவாக இருந்தால், நூறு குண்டுகளும் ஒரே வகையாகச் செல்லும். தவறு நேர்ந்தால் அது கையின் தவறேயன்றித் தோட்டாவின் தவறன்று என்று சுடுபவர் உறுதியாக அறியலாம். தன் பிழையைக் கருவியின் மேல் ஏற்றுவதற்கு இடமில்லாதபோதே கலை வளர்கின்றது.

அவர் காலத்தில்தான் புகைமிகுந்த கருமருந்து மெல்ல நீங்கி, புகை குன்றிய புதிய மருந்துகள் வழக்கத்துக்கு வந்தன. கருமருந்தைக் கொள்ளளவால் அளந்து பழகியவர், வலிமை மிக்க புதிய மருந்துகளையும் அதே கிண்ணத்தால் அளந்தமையால் துப்பாக்கிகள் வெடித்துக் கைகள் சிதைந்தன. ஒவ்வொரு மருந்துக்கும் அதற்குரிய அளவும் அதற்குரிய கருவியும் உண்டு என்னும் எச்சரிக்கை அக்காலத்தில் பலருடைய குருதியால் எழுதப்பட்டது. அன்னியார் புதிய மருந்துகளைப் பொறுமையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தமக்குப் பிடித்தமான சூல்ட்சே என்னும் மருந்தைப் பிரான்சு நாட்டுக்குள் கொண்டுசெல்லத் தடை இருந்தபோது, வெந்நீர்ப் பைகளில் நிரப்பிப் பெண்களின் ஆடைகளுக்குள்ளே மறைத்துக் கொண்டுசென்றார் என்றொரு வேடிக்கைச் செய்தியும் உண்டு. தாம் பயன்படுத்திய வெடிமருந்துகளைப் பற்றி 1914ஆம் ஆண்டிலே ஒரு சிறு நூலும் எழுதி வெளியிட்டார்.

இலண்டனில் அவர் கற்ற பாடம் ஒன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. 1887ஆம் ஆண்டு, விக்டோரியா மகாராணியாரின் ஆட்சிப் பொன்விழாவின்போது காட்சிக் குழு அந்நகருக்குச் சென்றது. மகாராணியாரே வந்து கண்டு பாராட்டினார். எனினும், வேகமாகப் பறக்கும் ஆங்கில நாட்டுப் புறாக்களைச் சுடுவதில் அன்னியார் தொடக்கத்திலே தடுமாறினார். சாள்ஸ் லங்காஸ்ரர் என்னும் துப்பாக்கிக் கலைஞர் அவரைக் கூர்ந்து நோக்கி, அவர் ஏந்திய துப்பாக்கிகள் அவரது சிற்றுடலுக்குப் பொருந்தாத எடையும் வளைவும் உடையவை எனக் கண்டார். உடலுக்கேற்ப அளவெடுத்து, எடை குறைந்த கருவிகளை அமைத்துக் கொடுத்தார். அதன்பின் தடுமாற்றம் நீங்கிற்று. உலகமே போற்றும் நிலையை எய்திய பின்னரும், பிறர் சுட்டிய குறையை ஏற்று மீண்டும் மாணவியாகும் பணிவு அவரிடம் இருந்தது.

1889ஆம் ஆண்டிலே பாரிசுப் பொருட்காட்சியிலும், பின்னர் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலும் அவர் புகழ் பரவியது. 1894ஆம் ஆண்டிலே எடிசனின் கூடத்திலே அவரது வித்தை அசையும் படமாகப் பிடிக்கப்பட்டது.

55 வழக்குகள்

1901ஆம் ஆண்டு ஒக்டோபரில், வட கரோலினா மாநிலத்திலே காட்சிக் குழுவின் புகையிரதம் வேறொரு புகையிரதத்தோடு மோதியது. நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகள் மாண்டன. அதனோடு அன்னியார் அக்குழுவை விட்டு விலகினார். ஆயினும் அவர் வாழ்வின் பெரும்போர் இனித்தான் வரவிருந்தது.

1903ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், சிக்காகோ நகரத்துப் பத்திரிகைகள் இரண்டு ஒரு செய்தியை வெளியிட்டன. புகழ்பெற்ற அன்னி ஓக்லி கொக்கேயின் என்னும் போதைப்பொருளுக்கு அடிமையாகி, அதற்காகத் திருடி, நீதிமன்றத்திலே நிறுத்தப்பட்டார் என்பதே அது. அவ்விரு பத்திரிகைகளும் பெரும் பத்திரிகை முதலாளியான வில்லியம் ராண்டொல்ப் ஹேர்ஸ்டுக்கு உரியவை. செய்தி தந்திவழியே நாடெங்கும் பரவியது. உண்மையில் பிடிபட்டவள், அன்னியின் பெயரைப் போன்ற ஒரு பெயரை மேடையிலே சூடியிருந்த வேறொரு பெண். அன்னியாரோ அப்போது சிக்காகோவில் இருந்தவரே அல்லர்.

சில பத்திரிகைகள் திருத்தம் வெளியிட்டன. பொய் முதற்பக்கத்திலே ஓடும். திருத்தம் மூலையிலே முடங்கும். இதனை அறியாதவர் அல்லர் அன்னியார். ஆகவே, மன்னிப்போடு அமையாமல், 55 பத்திரிகைகள் மீது வழக்குத் தொடர்ந்தார். ஏறத்தாழ ஏழாண்டுகள் ஊர்ஊராகச் சென்று, சாட்சிக் கூண்டிலே ஏறி நின்று, எதிர்வழக்கறிஞரின் ஏளனக் கேள்விகளுக்கெல்லாம் விடை கூறினார். அவர் இளமையிலே ஏதேனும் கறை உண்டோ எனத் துருவி ஆராய அவர் பிறந்த மாவட்டத்துக்கே ஓர் ஆளை ஹேர்ஸ்ட் அனுப்பினார். சென்றவர் வெறுங்கையோடு மீண்டார். 55 வழக்குகளில் 54 அன்னியாருக்குச் சாதகமாகவே முடிந்தன. எனினும் கிடைத்த நட்டஈட்டிலும் செலவான தொகையே மிகுதி என்பர்.

பொருளை நோக்குவோர்க்கு இது நட்டக் கணக்கு. அவருக்கோ அது கடன் தீர்த்த கணக்கு. பதினைந்து வயதிலே தாயின் வீட்டை அடைமானத்திலிருந்து மீட்ட அதே கை, நாற்பதைக் கடந்த பின் தன் பெயரை அடைமானத்திலிருந்து மீட்டது. தம்மைக் கொடுமை செய்தவர்களின் பெயரைத் தூற்ற மறுத்த ஒருவர், தம் பெயரைப் பிறர் தூற்றுவதைப் பொறுக்க மறுத்ததில் முரண் ஏதுமில்லை. பெயரின் மதிப்பை அறிந்தவர் பிறர் பெயரையும் காப்பர். தம் பெயரையும் காப்பர். பத்திரிகைத் தொழிலில் உள்ளோர் இவ்வரலாற்றை மறவாதிருத்தல் நன்று.

ஆசிரியையாக

1898ஆம் ஆண்டு, ஸ்பானியரோடு போர் மூளும் நிலை தோன்றியபோது, தம் சொந்த ஆயுதங்களோடு 50 பெண் குறிகாரரைத் திரட்டித் தருவதாக அவர் குடியரசுத் தலைவர் மக்கின்லிக்கு மடல் எழுதினார். முதல் உலகப் போரின்போதும் பெண்கள் படை திரட்ட முன்வந்தார். இரண்டும் ஏற்கப்படவில்லை. மனந்தளராது, தம் செலவிலேயே படைமுகாம்களுக்குச் சென்று வீரருக்கு வித்தை காட்டினார். டேவ் என்னும் அவர் நாய் அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றது. கைக்குட்டையிலே முடிந்து மறைத்து வைத்த பணத்தை அது மோப்பம் பிடித்துக் கண்டெடுத்தால், அப்பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு உரியதாகும்.

வட கரோலினா மாநிலத்துப் பைன்ஹேர்ஸ்ட் என்னும் ஓய்வூரிலே, 1915ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள், பெண்களுக்குத் துப்பாக்கி சுடுதலை அவர் கற்பித்து வந்தார். அதற்குக் கட்டணம் பெறவில்லை. தம் வாழ்நாளிலே 15,000க்கு மேற்பட்ட பெண்களுக்கு அவர் பயிற்சி அளித்தார் என்று கூறப்படுகிறது. தோளிலே பொருந்துமாறு கருவியை ஏந்துவதும், அச்சத்தை அடக்கி மூச்சைச் சீர்ப்படுத்துவதும், ஒவ்வொரு துப்பாக்கியையும் மருந்தேறிய துப்பாக்கியாகவே கருதி, சுடும் நோக்கமில்லாதபோது எவரை நோக்கியும் அதனைத் திருப்பாதிருப்பதும் இக்கலையின் அரிச்சுவடி. குறியைப் பற்றிய பாடம் அதற்குப் பின்னரே.

இங்கு ஒரு வேறுபாட்டையும் சொல்லுதல் வேண்டும். பெண்ணின் கை ஆணின் கைக்குக் குறைந்ததன்று என்று செயலாலே நிலைநாட்டிய அவர், பெண்களின் வாக்குரிமைக்கான இயக்கத்திலே ஈடுபட்டாரில்லை. அவரைப் புதுமைப் பெண்ணென்று கொண்டாடுவோர் இதனால் ஏமாற்றம் அடையலாம். சிலர் கொள்கையால் வழி திறப்பர். சிலர் தாம் நடந்துபோவதாலேயே வழி திறப்பர். அன்னியார் இரண்டாம் வகையினர்.

இறுதிக் காலம்

1922ஆம் ஆண்டிலே, 62 வயதிலே, பைன்ஹேர்ஸ்ட் நகரில் 16 யார் தூரத்திலிருந்து 100 களிமண் தட்டுகளைத் தொடர்ச்சியாக உடைத்தார். அவ்வாண்டின் இறுதியிலே புளோரிடாவில் நிகழ்ந்த மோட்டார் விபத்திலே பலத்த காயமுற்று, காலுக்கு இரும்புத் தாங்கி அணியவேண்டியவரானார். அந்நிலையிலும் ஊன்றுகோலை விடுத்துத் துப்பாக்கியை ஏந்தி மீண்டும் குறிபார்த்தார். தம் பொற்பதக்கங்களை உருக்கி விற்று, அப்பணத்தை அறச்செயலுக்கு வழங்கினார் என்றும் கூறுவர்.

1926ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், சிறுமியாகத் தாம் வேட்டைப் பொருள் விற்ற அதே கிறீன்வில் நகரிலே அவர் காலமானார். அவரைப் பிரிந்து உயிர்வாழ மாட்டாதவர் போல, பிராங் பட்லர் பதினெட்டு நாள்களில் மறைந்தார். இருவரும் டார்க் மாவட்டத்து மண்ணிலே அடுத்தடுத்து உறங்குகின்றனர்.

இருபது ஆண்டுகள் கழிந்தபின், 1946ஆம் ஆண்டிலே, நியூ யோர்க் நகரத்து அரங்கிலே அவர் வாழ்வைத் தழுவிய ஓர் இசைநாடகம் ஏறியது. இனிய பாடல்கள் நிறைந்த அந்நாடகம் பெருவெற்றி கண்டது. ஆனால் அதன் முடிவிலே, காதலனை அடைவதற்காக நாயகி வேண்டுமென்றே போட்டியில் தோற்கிறாள். ஆடவனின் பெருமையைக் காப்பதற்குப் பெண் தன் திறமையை மறைத்தல் வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. அன்னி வென்றாள், வென்றதனாலேயே காதலிக்கப்பட்டாள், தோற்றவர் ஐம்பதாண்டளவும் அவள் வெற்றிக்குத் தோள் கொடுத்தார்.

உயிரோடிருந்தபோது தம்மைப் பற்றிய பொய்யை 55 வழக்குகளால் எதிர்த்தவர், இறந்தபின் வந்த இனிய பொய்யை எதிர்க்க இயலாதவரானார். அந்தக் கடமை வரலாற்றைப் படிப்போருக்கும் படிப்பிப்போருக்கும் உரியது. பாடம் சொல்லும் ஆசிரியர் எவரேனும் அவர் கதையை மாணவியருக்குக் கூற நேர்ந்தால், அவர் பெற்ற புள்ளிகளையும் கண்ட அரசரையும் சொல்வதோடு நிறுத்தலாகாது. அடைமானம் மீட்ட சிறுமியையும், பெயரை மீட்ட மாதரசியையும், வெல்லும் பெண்ணை நேசிக்கத் தெரிந்த ஓர் ஆடவனையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.